ஏற்றத்துக்கான ஆயில் கூலர்: ஆட்டோமேட்டிக் இழுவை வண்டிக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது

மணிமுத்தாறு அணையை ஒட்டிய வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதை, இழுவை வண்டியின் கியர்பாக்ஸுக்குக் கடுமையான பரீட்சை. சுமார் 20 கிலோமீட்டருக்குள் அடிவார வெயிலிலிருந்து 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குப் போயாக வேண்டும். பாதை குறுகல், வளைவுகள் நெருக்கம், தார் பல இடங்களில் பெயர்ந்து கிடக்கிறது. பின்னால் டிரெய்லரோ, நின்றுபோன வண்டியோ தொங்கும்போது மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போக வழியில்லை. நாலுமுக்கு, ஊத்து வரை போக வேண்டியிருந்தால் இதே பாடு இன்னும் நீளும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட வேலைக்கு ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவருக்கானது. கூடுதல் ஆயில் கூலரை அதன் அளவைப் பார்த்தோ, பெட்டியில் அச்சிட்ட எடையைப் பார்த்தோ வாங்காதீர்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் எவ்வளவு காற்று பாயும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கைச் சார்ந்தது.

உங்கள் வண்டிக்கு இது தேவையா?

ஆட்டோமேட்டிக் என்று சொல்லப்படும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. ஏ.எம்.டி. என்பது சாதாரண கிளட்ச்சும் கியரும்தான். காலால் மிதிப்பதற்குப் பதில் ஒரு மோட்டார் அதை இயக்குகிறது. அதில் சூடாவது கிளட்ச் தட்டு, அதற்கு ஆயில் கூலர் போட்டுப் பயனில்லை. நெல்லைப் பகுதியில் ஓடும் மீட்பு வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடும் லாரிகள். அவற்றுக்கும் இது வேண்டாம். கூலர் தேவைப்படுவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர்பாக்ஸுக்கு. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் வகைகள் இந்த இனம். கனரக வண்டிகளில் அல்லிசன் கியர்பாக்ஸ் உள்ளவை இதில் சேரும். உங்கள் வண்டி எது என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். அதில் ஏ.டி.எஃப். என்ற ஆயிலின் அளவும் மாற்றும் கெடுவும் கொடுத்திருந்தால் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர்தான். ஆனாலும் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

"அரசு பஸ் எந்தக் கூலரும் இல்லாமல் இதே பாதையில் மாஞ்சோலைக்குப் போய் வருகிறதே?" என்று கேட்கலாம். அந்த பஸ்ஸில் கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நழுவும் பொருள் எதுவும் இல்லை. டார்க் கன்வெர்ட்டரிலோ ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. நழுவல் இருக்கும் இடத்தில் சூடு இருக்கும். ஆகவே பஸ்ஸை வைத்து உங்கள் வண்டியை எடைபோட முடியாது.

சூடு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் பின்னால் வருவதும் சேர்ந்து 4500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்று ஏற்றம், மணிக்கு 15 கிலோமீட்டர். சக்கரத்தில் ஏறக்குறைய 21 கிலோவாட் தேவைப்படும். இந்த வேகத்தில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாது, நழுவிக்கொண்டே இருக்கும். எஞ்சின் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே வீணாகிறது என்றால் ஐந்து முதல் ஆறு கிலோவாட் ஆயிலுக்குள் இறங்குகிறது. பக்கெட் தண்ணீரில் போடும் 1000 வாட் ஹீட்டர் கம்பி ஐந்தாறை ஆயில் தொட்டிக்குள் தொங்கவிட்டதற்குச் சமம் இது. ஒன்பது லிட்டர் ஆயிலும் சுற்றியுள்ள உலோகமும் இந்தச் சூட்டை வெளியே விடாமல் அப்படியே வாங்கினால், நிமிடத்துக்கு ஐந்தாறு டிகிரி ஏறும். கம்பெனி கொடுத்த கூலர் அதைத் தாமதப்படுத்தும். ஆனால் அது பெரும்பாலும் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சிறு குழாய், சுற்றியிருப்பது எஞ்சின் தண்ணீர். அந்தத் தண்ணீரே 90 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, ஆயிலை அதற்குக் கீழே கொண்டுவர அந்தக் குழாயால் எந்தக் காலத்திலும் முடியாது.

ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் ஓடினால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் நம்பி நடக்கும் பொதுவிதி. 120ஐத் தாண்டி அடிக்கடி போனால் ஆயில் கறுத்து, வால்வுகளில் வார்னிஷ் போலப் படிந்து, ரப்பர் சீல்கள் இறுகிவிடும். நெல்லையில் கோடையில் காற்றே 38, 40 டிகிரி. குளிர்நாட்டு அனுபவத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே எடுத்துக்கொள்ளும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பெரிய கூலர் போட்டால் போதாதா?

கடையில் முதலில் காட்டப்படுவது பெரிய கூலர்தான். பெட்டியில் இத்தனை பவுண்ட் வண்டிக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கும். எந்த வேகத்தில், எத்தனை டிகிரி காற்றில் சோதித்தார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முகத்தில் மோதும் காற்று வேறு, மாஞ்சோலை வளைவில் கிடைப்பது வேறு. காற்று ஓடாத கூலரைப் பெரிதாக்கினால் கூடுதல் ஆயில் பிடிக்கும், சூடு ஏற இரண்டு மூன்று நிமிடம் அதிகமாகும், அவ்வளவுதான். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் முன்னால் பெரிய பலகை மாதிரி அது நிற்பதால் எஞ்சினுக்குப் போகும் காற்றும் குறையும். கியர்பாக்ஸைக் காப்பாற்றப் போய் எஞ்சினைச் சூடாக்கிய வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எஞ்சினின் சொந்த விசிறி காற்றை இழுக்கிறதே, வேகம் குறைந்தால் என்ன? ஓரளவு சரி. கூலர் விசிறியின் நேர் எதிரே இருந்தால் அதற்கும் காற்று கிடைக்கும். ஆனால் எஞ்சின் விசிறிக்குக் கியர்பாக்ஸின் சூடு தெரியாது. மின்விசிறியாக இருந்தால் எஞ்சின் தண்ணீர் சூடானாலோ, ஏ.சி. போட்டாலோதான் சுற்றும். பிசுக்குக் கிளட்ச் வைத்த விசிறியாக இருந்தால் ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடான பிறகுதான் முழு வேகம் பிடிக்கும். ஏற்றத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் கியர் ஆயில் எஞ்சின் தண்ணீரை விட வேகமாகச் சூடேறுகிறது. அந்த நேரத்தில் விசிறி இன்னும் விழித்திருக்காது. ஆகவே கூலருக்கு ஆயில் சூட்டைப் பார்த்துச் சுற்றும் சொந்த விசிறி வேண்டும். பத்து அங்குல விசிறி ஒன்று, கூலரின் தடையையும் தாண்டி, நொடிக்கு 0.2 கனமீட்டர் காற்றை இழுத்தால், அந்தக் காற்று 38 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏறி வெளியேறும்போது சுமார் 6 கிலோவாட்டை எடுத்துப் போகும். மேலே பார்த்த சூட்டுக்கு இது சரியாக ஈடாகிறது. நடுத்தர அளவுக் கூலரும் நல்ல விசிறியும் இந்த வேலைக்குப் போதும் என்று நான் சொல்வதன் ஆதாரம் இதுதான்.

ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாதா என்ற கவலை குளிர்நாடுகளில் நியாயமானது. தாமிரபரணிச் சமவெளியில் அதற்கு இடமே இல்லை. ஆனால் மார்கழி அதிகாலையில் ஊத்திலிருந்து புறப்படுகிறவருக்குச் சிறிது இடமுண்டு. ஆயில் 80 டிகிரி தொடும்வரை கூலரைச் சுற்றி அனுப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு கிடைக்கிறது. போடுவது நல்லது, கட்டாயமில்லை.

தேர்ந்தெடுக்கும் வரிசை

1. முதலில் வெப்பமானி. கூலர் வாங்கும் முன்பே ஆயில் சூட்டைப் படிக்க வழி செய்யுங்கள். பிக்கப் வண்டிகள் பலவற்றில் ஓ.பி.டி. துளையில் செருகும் கருவி போதும். அது காட்டுவது எங்குள்ள சூடு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் தொட்டியில் உள்ள சென்சார் 100 காட்டும்போது கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் ஆயில் அதை விட 20, 30 டிகிரி அதிகமாக இருக்கக்கூடும். சுமையோடு வழக்கமான ஏற்றத்தில் ஏறி, உச்சச் சூட்டைக் குறித்து வையுங்கள். தொட்டிச் சூடு 95ஐத் தாண்டவே இல்லை என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுப் பணத்தை பிரேக்குக்குச் செலவிடுங்கள்.

2. எந்தக் குழாய் எது? கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் ரேடியேட்டருக்குப் போகும். ஒன்றில் சூடான ஆயில் போகிறது, மற்றதில் திரும்புகிறது. அகச்சிவப்பு வெப்பமானியைக் குழாயில் காட்டினால் தெரிந்துவிடும். ஒரு கவனம்: பளபளக்கும் அலுமினியக் குழாயில் அந்தக் கருவி பொய் சொல்லும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இரண்டு குழாயிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, டேப்பின் மேல் காட்டிப் படியுங்கள். அதிகச் சூடு காட்டுவது போகும் குழாய். புதிய கூலர் ரேடியேட்டருக்குப் பிறகு, திரும்பும் குழாயில் வர வேண்டும். அப்போதுதான் கடைசியாகக் குளிர்ந்த ஆயில் கியர்பாக்ஸுக்குள் நுழையும்.

3. இனம். வளைந்த ஒற்றைக் குழாயில் தகடு கோத்த கூலர் விலை குறைவு, இந்த வேலைக்குப் பலவீனம். அடுக்குத் தகடு வகை அதே பரப்பில் அதிகச் சூட்டை வெளியேற்றும், ஆயில் ஓட்டத்தையும் குறைவாகவே தடுக்கும். இதையே வாங்குங்கள்.

4. விசிறி. தெர்மோ சுவிட்ச்சோடு சேர்த்து வாங்குங்கள். ஆயில் 80, 85 டிகிரியில் சுற்றத் தொடங்க வேண்டும். பிக்கப்புக்கு 12 வோல்ட், லாரிக்கு 24 வோல்ட். மாற்றி வாங்கினால் 24 வோல்ட்டில் 12 வோல்ட் விசிறி சீக்கிரமே கருகும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் நேரடியாக சுவிட்ச்சில் இணைக்காதீர்கள்.

5. இடம். வாங்கும் முன் அட்டையில் அதே அளவு வெட்டி முன்பக்கம் வைத்துப் பாருங்கள். கண்டென்சரை உரசாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும். முன்னால் இடமில்லை என்றால், சொந்த விசிறி இருப்பதால், சேஸிஸுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். அங்கே சேறும் கல்லும் அடிக்காதபடி கம்பி வலை போட வேண்டும், சைலன்சர் சூடு படக்கூடாது.

6. ஹோஸ். பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் இரண்டும் கூடாது. நெல்லையில் டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகளில் முனையோடு செய்து வாங்கலாம். ஆனால் அவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்1 வகை ஹோஸ் 100 டிகிரிக்குத்தான் உத்தரவாதம் உள்ளது. ஏ.டி.எஃப். தாங்கக்கூடிய, 150 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்வட்டம் கம்பெனிக் குழாயை விடச் சிறியதாகக் கூடாது. பிக்கப்பில் அது பெரும்பாலும் மூன்று நூல், அதாவது 3/8 அங்குலம். கனரக வண்டியில் நான்கு நூலும் அதற்கு மேலும் இருக்கும்.

அல்லிசன் கியர்பாக்ஸோடு ஹைட்ராலிக் ரிட்டார்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டாம். அதில் ஏறும்போது வருவதை விட இறங்கும்போது வரும் சூடு பல மடங்கு. வண்டியின் மொத்த இறக்க ஆற்றலும் ஆயிலுக்குள் போகிறது. அதற்குக் கம்பெனி கொடுக்கும் பெரிய தண்ணீர் வழிக் கூலரே சரி. அது போதவில்லை என்றால் கம்பெனி டீலரிடம்தான் போக வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கூலரை ரேடியேட்டரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கம்பி செருகிக் கட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கூலரோடு அந்தக் கம்பியும் வந்துவிடுகிறது என்பதால் அதுதான் முறை என்று தோன்றும். மாஞ்சோலைப் பாதையின் குலுக்கலில் அந்தக் கம்பி சில மாதங்களில் ரேடியேட்டர் குழாயை அறுத்துவிடும். இரும்புப் பட்டையில் தாங்கி செய்து, ரப்பர் புஷ் வைத்து வண்டியின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே எரிந்த கியர்பாக்ஸை மாற்றிவிட்டுப் பழைய கூலரை அப்படியே விட்டுவிடுவது. உடைந்த கியர்பாக்ஸின் உலோகத் தூள் கூலரின் உள் மடிப்புகளில் தங்கியிருக்கும். அடுக்குத் தகடு வகையை எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிய கியர்பாக்ஸுக்குள் அந்தத் தூள் போனால் செலவு இரண்டாம் முறை வரும். கூலரையும் மாற்றுங்கள், திரும்பும் குழாயில் ஒரு வடிகட்டியும் வையுங்கள்.

மூன்றாவது தவறு எல்லாவற்றையும் விட ஆபத்தானது. கூலர் போட்டாகிவிட்டது, இனி கூடுதல் சுமை இழுக்கலாம் என்று நினைப்பது. கூலர் ஆயிலைக் காப்பாற்றும். பிரேக், சேஸிஸ், டயர், கொக்கி எதையும் அது பலப்படுத்தாது. கையேட்டில் உள்ள இழுவை எடையே எல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆயில் கூலர் மட்டும் அந்த விவரங்களைத் தொடாது. ஆனால் வாரண்டி காலம் முடியாத வண்டியானால், பொருத்தும் முன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது பாதுகாப்பு

எஞ்சினை அணைத்து இரண்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள். 100 டிகிரி ஆயில் கையில் பட்டால் வெந்நீரை விட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு சுடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிற்க வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹோஸ் போகும் வழியில் டர்போவோ சைலன்சரோ இருந்தால் வழியை மாற்றுங்கள். ஆயில் கசிந்து அந்தச் சூட்டில் விழுந்தால் தீ பிடிக்கும். மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்பதால் அந்தத் தீ வண்டியோடு நிற்காது.

வெட்டிய முனைகளைத் துணியால் மூடி வைத்து, தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் குழாயில் ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டால் அழுத்தத்தில் கழன்றுவிடும். குழாயின் முனையில் விளிம்பு உருட்டிய பிறகே செருக வேண்டும், அல்லது திருகு முனை போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் கையேட்டில் சொன்ன அதே வகை ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியருக்கும் மாற்றிப் பார்த்து, கையேடு சொல்லும் சூட்டில் அளவைச் சரிபாருங்கள். புதிய கூலரும் ஹோஸும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகக் குடிக்கும். வடித்த பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள். வாய்க்காலில் விட்டால் அது தாமிரபரணிக்குப் போகும், அந்தத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

முதல் ஏற்றம்

வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, முதலில் சுமையில்லாமல் ஏறுங்கள். சாவடிக்கு முன்பே ஓரம் நிறுத்தி, எல்லா இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்துத் துடைத்துப் பாருங்கள். ஏ.டி.எஃப். பெரும்பாலும் சிவப்பு என்பதால் சிறு கசிவும் காகிதத்தில் தெரியும். காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதனால் இந்தச் சோதனையைக் கீழேயே முடித்துவிடுங்கள்.

ஏறும்போது கியர் தேர்வைக் கையால் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். டி-யில் விட்டால் பெட்டி மேல் கியருக்குப் போய்ப் போய்த் திரும்பும், ஒவ்வொரு மாற்றமும் சூடு. தார் பெயர்ந்த, ஈரமான பகுதியில் நான்கு சக்கர லோ கியர் பெரிய உதவி. எஞ்சின் சுற்று கூடி, கன்வெர்ட்டர் நழுவல் குறையும். ஆனால் காய்ந்த நல்ல தார் சாலையில், அதுவும் கொண்டைஊசி வளைவில், வி-கிராஸ், ஹைலக்ஸ் வகையறாவின் நான்கு சக்கர இணைப்பைப் போடாதீர்கள். முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

தொட்டிச் சூடு 115ஐத் தொட்டால் பாதுகாப்பான அகலமான இடம் வந்ததும் நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நின்று, சூடான ஆயில் கன்வெர்ட்டருக்குள்ளேயே தேங்கும். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை பார்க்கில் வைத்து, எஞ்சினை 1000, 1200 சுற்றில் ஓடவிடுங்கள். விசிறி சுற்றுகிறதா என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். 95க்கு இறங்கிய பிறகு புறப்படுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா கிளிப்பையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். கார், பிசான அறுவடைக் காலங்களில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். அந்தத் தூசும் வைக்கோல் துணுக்கும் கூலரின் தகடுகளுக்குள் மெத்தை போல அடைந்துகொள்ளும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் காற்றும் ஊடுருவாது. விசிறியைக் கழற்றி, பின்னாலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனின் அதிவேகப் பீச்சலை நேராகக் காட்டினால் தகடுகள் மடிந்துவிடும்.

சுமையோடு அடிக்கடி மலையேறும் வண்டிக்கு, கையேட்டில் 'கடின உபயோகம்' என்று தனியாகக் கொடுத்திருக்கும் கெடுவையே ஆயில் மாற்றுவதற்குப் பின்பற்றுங்கள். மாற்றும்போது பழைய ஆயிலில் இரண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ பரவினால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. கறுத்து, கருகல் நாற்றம் அடித்தால் அடுத்த சுமையை ஏற்காதீர்கள், முதலில் விசிறியின் ஃபியூஸைப் பாருங்கள்.